துரை குளிக்காத மாதம்

ரெஜினா அக்கா கிடாவுக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருந்தார்.

பையைத் தோளில் மாட்டியபடி அந்தப் பண்ணையின் வாசலில் நின்று நான் பார்த்த முதல் காட்சி அதுதான். காலை வெயில் ஏறிவிட்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் செம்பனை மரங்கள். மரங்களுக்கு மேலே புதிதாகக் கட்டிய கொண்டோமினியத்தின் பால்கனிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. குழாயடியில், நீளக் காதுகள் தொங்க, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து வரை நுரையோடு ஒரு பெரிய கிடா நின்றது. எலுமிச்சை வாசம் வாசல் வரைக்கும் வந்தது.

அக்காவின் மற்றொரு கையில் கத்தரிக்கோல் இருந்தது. கிடாவின் தாடியை ஒட்ட வெட்டியிருந்தார்.

"வேலைக்கு வந்தவங்கதானே? அந்தக் குழாயைக் கொஞ்சம் திறந்துவிடுங்க."

திறந்துவிட்டேன்.

"இந்தக் குளியல் எத்தனை நாளைக்கு ஒருதரம்க்கா?"

"டெய்லி. ரெண்டு நாள் விட்டா நாறும் லா. பால் வாங்க வர்ற ஆன்டிங்க மூக்கைப் பொத்திக்கிறாங்க."

"பால் நிறைய வருதா?"

"இப்ப மூணு ஆடுதான் கறக்குது."

"சினை எத்தனை?"

"ஒண்ணும் இல்ல. எட்டு மாசமா ஒண்ணுகூட இல்ல."

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஒரு ரொட்டிக் கடை வேலையை விட்டு வந்தபின், மூன்று நாள் பஸ் நிலையத்து பெஞ்சில்தான் படுத்திருந்தேன். கொசு அதிகம், மற்றபடி பரவாயில்லை. ஆனால் நான்காவது நாளும் அங்கே படுக்க எனக்கு விருப்பமில்லை.

"எதுக்கு சிரிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லக்கா. உங்க கிடா என்னைவிட சுத்தமா இருக்கு."

அக்காவும் சிரித்தார். வேலை கிடைத்தது.

பாலத்துக்கு இந்தப் பக்கம்

பண்ணை கெலாங் பாத்தா ஊரிலிருந்து உள்ளே தள்ளி, யாரோ எப்போதோ கட்டடம் கட்டுவதற்காக வாங்கிப்போட்ட நிலத்தில் இருந்தது. வாடகை நிலம். பதினொரு பெட்டை ஆடுகள், எல்லாம் வெள்ளை. ஒரே ஒரு கிடா. அதன் பெயர் துரை. ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அதன் நடையைப் பார்த்தால் பெயருக்குக் காரணம் கேட்க மாட்டார்கள். நெஞ்சை நிமிர்த்தி, யாரையும் பார்க்காமல், எல்லாரும் வழிவிடுவார்கள் என்ற நிச்சயத்தோடு நடக்கும்.

ரெஜினா அக்கா இருபது வருஷம் சிங்கப்பூர் தொழிற்சாலை ஒன்றுக்குப் பாலம் தாண்டிப் போய்வந்தவர். விடியும் முன் பஸ், எல்லையில் குடிநுழைவு வரிசை, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி வேலை, மறுபடி வரிசை. முழங்கால் இரண்டும் கெட்டுப்போயிருந்தன. அந்த வரிசையிலிருந்து தப்பிக்கத்தான் ஆடு வாங்கினார். ஆடுகளுக்குத் தன்னோடு வேலை பார்த்த பெண்களின் பெயரை வைத்திருந்தார்: மேய் லிங், ரோஹானா, சுசிலா, லூசி. "ஒரே லைன்ல பதினொரு பேர் இருந்தோம். அதான் பதினொண்ணு வாங்கினேன்" என்றார்.

அவருடைய கணவர் சேவியர் அண்ணன் இன்னும் பாலம் தாண்டிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் ஒரு சரக்குக் கிடங்கு. மோட்டார் சைக்கிளில் போய்வருவார். ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் புல் அறுக்க வேண்டும். ஓய்வு என்பதே அவருக்கு இல்லை. அவரைக் கெட்டவராக நான் எழுத மாட்டேன். களைத்துப்போனவர், அவ்வளவுதான்.

நான் சேர்ந்த மூன்றாம் நாள் அவர் யோங் பெங்கிலிருந்து ஒரு கறிக்கடைக்காரரை அழைத்து வந்தார். பெயர் காதர் பாய். பருத்த மனிதர், மெதுவாகப் பேசுவார். கொட்டகைக்குள் போய் ஒவ்வோர் ஆட்டின் முதுகெலும்பையும் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"பதினொண்ணும் எடுத்துக்கிறேன் தம்பி. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை வந்து லாரியில ஏத்திக்கிறேன்."

அப்போது தீபாவளிக்கு ஒன்பது வாரத்துக்குச் சற்று மேல் இருந்தது.

ரெஜினா அக்கா அடுக்களைக்குப் போய் ஒரு கடிதத்தை எடுத்து வந்து என்னிடம் காட்டினார். பழைய தொழிற்சாலை மறுபடி கூப்பிட்டிருந்தது. தீபாவளிக்கு மறுநாள், திங்கட்கிழமை, வேலைக்கு வர வேண்டும்.

"குட்டியும் இல்ல, பாலும் இல்ல. அவரு சொல்றதுல என்ன தப்பு இருக்கு?" என்று முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

பார்க்காதே என்றார்கள்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

எங்கள் தோட்டத்து லயத்து வீட்டு வரிசையில் யார் வீட்டு ஆடாவது கத்தத் தொடங்கினால் பெண்பிள்ளைகளை உள்ளே போகச் சொல்வார்கள். "என்னடி அங்க வேடிக்கை?" என்று ஒரு அதட்டல் வரும். ஆடு பருவத்துக்கு வருவதைப் பெண்பிள்ளை பார்க்கக் கூடாது. பசி எடுத்த ஆட்டைப் பார்க்கலாம், குட்டி போடும் ஆட்டுக்குச் சுடுதண்ணீர் வைக்கலாம், இடையில் நடப்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் நடந்துவிட வேண்டும்.

நான் பார்த்தேன். பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அதற்கு வாங்கிய அடி பெரிதாக ஒன்றுமில்லை.

பதினான்கு வயதில் படிவம் இரண்டோடு பள்ளிக்கூடம் நின்றபின் எங்கெங்கோ வேலை பார்த்தேன். செனாயில் பிளாஸ்டிக் தொழிற்சாலை, ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுதல், இரண்டு வருஷம் காவல் வேலை. நடுவில் குளுவாங் பக்கம் ஒரு பெரிய ஆட்டுப் பண்ணையில் பதினான்கு மாதம். அங்கே எனக்கு ஜோடியாக வேலை பார்த்தவள் சோமா, மலாய்க்காரப் பெண், என் வயதுதான். வெட்கம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் வாலைத் தூக்கிப் பார்த்து, இது இன்றைக்கு, அது நாளைக்கு என்று சந்தையில் மீன் பார்ப்பது போலச் சொல்லிக்கொண்டே போவாள். அந்தப் பண்ணையில் கிடாக்களைப் பெட்டைகளோடு வைக்கவே மாட்டார்கள். குன்றுக்கு அந்தப் பக்கம் தனிக் கொட்டகை. காரணம் கேட்டேன்.

"உன் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியை நீ கடைசியாக எப்போது பார்த்தாய்?" என்றாள்.

அந்தப் பதில் எனக்குப் போதும். எப்போதும் எதிரே தொங்குவதை யாரும் பார்ப்பதில்லை. ரெஜினா அக்காவின் கொட்டகையில் துரையும் நாட்காட்டியாகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இராப்பகலாக ஒரே கூரைக்குக் கீழே, பெட்டைகளின் மூக்குக்கு எதிரே. போதாக்குறைக்கு எலுமிச்சை ஷாம்பு. கிடாவின் நாற்றம்தான் பெட்டையை எழுப்புவது. தாடியில் மூத்திரத்தைப் பீய்ச்சிக்கொண்டு, கொம்புக்குப் பின்னால் பிசுபிசுப்போடு, தூரத்திலேயே தெரியும்படி அது நாற வேண்டும். அந்த நாற்றம் புதிதாகவும் வர வேண்டும். அக்கா இரண்டையும் கெடுத்துவிட்டார், அதுவும் அக்கறையோடு.

இருபத்தெட்டு நாள்

"அண்ணே, அந்த ஒன்பது வாரத்தை எனக்குக் குடுங்க" என்றேன்.

சேவியர் அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டார். "நீங்க என்ன ஆட்டு டாக்டரா?"

"இல்லண்ணே. படிவம் ரெண்டு ஃபெயில்."

"அப்புறம் எப்படி?"

"துரையை நாலு வாரம் வேற ஊருக்கு அனுப்பணும். குளிப்பாட்டக் கூடாது. இங்க ஆடுகளுக்கு நல்லாத் தீனி போடணும். நாலு வாரம் கழிச்சு கொண்டாந்து விடணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அவன் பக்கத்துல இருக்கும்போதே ஒண்ணும் நடக்கல. ஊருக்கு அனுப்பிட்டா நடக்குமா? அலமாக்!"

அப்போது லாரியில் ஏறப் போன காதர் பாய் நின்றார். "அந்தப் பொண்ணு சொல்றதுல விஷயம் இருக்கு தம்பி. எங்கிட்ட பட்டி இருக்கு. கிடாவை நானே வச்சுக்கிறேன். நாலு வாரம் கழிச்சு நானே கொண்டாந்து விடுறேன்."

ரெஜினா அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கறிக்கடையிலயா? துரையையா?"

"இந்தக் கிழட்டுக் கிடாவை எவம்மா வாங்குவான்? கறி நாறும். இதைவிடப் பத்திரமான ஆடு என் பட்டியிலயே கிடையாது."

துரை லாரியில் ஏறியது. ஏற்றவில்லை, தானாக ஏறியது. பலகையில் நின்று எங்களை ஒருதரம் பார்த்தது. ஷாம்பு வாசனையோடு போனது.

மறுநாள் முதல் குளியல் நேரம் வந்தால் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. அந்தக் கைக்கு நான் வேலை வைத்திருந்தேன். துரை நின்ற மூலை, உரசிய கம்பம், அதன் கயிறு, தண்ணீர் வாளி, எல்லாவற்றையும் கழுவச் சொன்னேன். அதன் நினைப்பே கொட்டகையில் இருக்கக் கூடாது. அக்கா மூன்று நாள் தேய்த்தார். பலகையின் நிறமே மாறிவிட்டது.

தீனி என் பொறுப்பு. அந்த ஆடுகளின் விலா எலும்பை எண்ண முடிந்தது. வயிறு காய்ந்த ஆட்டுக்குக் கிடா ஞாபகம் வராது. கெலாங் பாத்தாவில் சோயாவிலிருந்து தவ்புக் கட்டி செய்யும் சீனர் ஒருவரிடம் பேசி, சோயாச் சக்கையை வாளியில் வாங்கி வந்தேன். முதல் வாரம் ஒரு கைப்பிடி, அடுத்த வாரம் இரண்டு. திடீரென்று நிறையப் போட்டால் வயிறு கழியும். அதோடு ஊறவைத்த சோளம், வெட்டிய நேப்பியர் புல், தொங்கவிட்ட உப்புக்கட்டி. மூன்றாவது வாரம் முதுகெலும்பைத் தொட்டால் முள் குத்தவில்லை. மயிரில் ஒரு மினுமினுப்பு வந்தது.

அக்கா தினமும் மாலையில் யோங் பெங்குக்குப் போன் போடுவார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்கும்.

"துரை சாப்பிட்டானா?"

"அம்மா, நான் கறிக்கடைக்காரன். ஒரு ஆட்டை நலம் விசாரிச்சு இதுவரைக்கும் எனக்குப் போன் வந்ததே இல்ல."

"குளிப்பாட்டலையே?"

"என் லாரியையே நான் குளிப்பாட்டுறதில்ல."

நாற்றம் திரும்பியது

இருபத்தெட்டாம் நாள் பிற்பகல். லாரி செம்மண் பாதையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.

இறங்கியது துரையா என்று சந்தேகமாக இருந்தது. தாடி வளர்ந்து, கட்டிக் கட்டியாக ஒட்டியிருந்தது. முன்னங்கால்கள் மஞ்சளாகி, நெற்றி எண்ணெய் வழிய, ஊசிப்போன பாலாடையும் மூத்திரமும் கலந்த நாற்றம். கண் எரிந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அடப்பாவி! என் புள்ளைய இப்படிப் பண்ணிட்டீங்களே!" என்றார் அக்கா.

"தொடாதீங்கக்கா. தண்ணி பக்கம் போகாதீங்க."

நேராக உள்ளே விடவில்லை. முதலில் வேலிக்கு வெளியே கட்டினேன். புல்லில் மூக்கை விட்டிருந்த ரோஹானா தலையைத் தூக்கியது. பிறகு மேய் லிங். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு மூக்கும் காற்றில் உயர்ந்தன. எட்டு மாதம் திரும்பிப் பார்க்காத பெட்டைகள் மெதுவாக வேலியை நோக்கி நடந்து வந்தன. துரை மேலுதட்டைச் சுருட்டி, தொண்டைக்குள் குமுறியது. அது ஷாம்பு போட்ட காலத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

அன்று மாலையே கதவைத் திறந்துவிட்டேன்.

அதற்குமுன் ஒரு வேலை செய்தேன். தீபாவளிக் கடைகள் போட்டுவிட்டார்கள். ஒரு பொட்டலம் சிவப்புக் கோலப்பொடி வாங்கி, சமையல் எண்ணெயில் குழைத்து, துரையின் நெஞ்சில் கெட்டியாகப் பூசினேன். எந்தப் பெட்டை மேல் ஏறுகிறதோ அதன் முதுகு சிவக்கும். ராத்திரி கண்விழிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் நான்கு முதுகு சிவந்தது. அக்கா கையைத் தட்டினார். ஆனால் நான்கும் ஒரே நாளில் அடங்கிவிட்டன. நான்காம் நாள் ஒன்றுமில்லை. ஐந்து, ஆறு, ஏழு, ஒன்றுமில்லை. துரை மூலையில் நின்று அசைபோட்டது.

"முடிஞ்சுதா வைத்தியம்?" என்றார் சேவியர் அண்ணன். கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால் அதிகமாக வலித்தது.

அக்கா அந்தக் கடிதத்தை எடுத்து, குளிர்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்தார். நான் பையை எடுத்துத் தூசி தட்டினேன். ஓரிடத்தில் தோற்றால் அடுத்த இடம். எனக்கு அது பழக்கம். ஆனால் அக்காவுக்கு அடுத்த இடம் அந்த வரிசைதான்.

எட்டாம் நாள் காலையில் மேய் லிங் கத்தியது.

பசிக்குக் கத்தும் கத்தல் அல்ல. தொண்டை கிழிய, நிறுத்தாமல், யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. ஓடினேன். வால் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்பக்கம் சிவந்து வீங்கி, கண்ணாடி போல ஒரு சளி தொங்கியது. தீனித் தொட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விட்டது. பக்கத்தில் நின்ற சுசிலா மேல் தானே ஏறப் பார்த்தது. துரை வந்ததும் அசையாமல் நின்றது. அந்த நிற்றல்தான் முக்கியம். மற்றதெல்லாம் பேச்சு, நின்றால்தான் சம்மதம்.

"ஆனா இது போன வாரமே ஏறின ஆடாச்சே! மறுபடி வருதுன்னா அப்ப பிடிக்கலையா?" என்று அக்கா அழுகிற குரலில் கேட்டார்.

அப்போதுதான் சோமா சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. நீண்ட தூக்கத்திலிருந்து எழும் ஆடு முதலில் ஒருதரம் புரண்டு படுக்கும். அந்த முதல் பருவம் கணக்கில் சேராது. ஒரு வாரம் கழித்து வருவதுதான் நிஜம். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மறந்துவிட்டேன். மறந்ததால் ஒரு வாரம் மூன்று பேர் சரியாகச் சாப்பிடவில்லை.

"முதல்ல வந்தது ஒத்திகைக்கா. இதுதான் கல்யாணம்."

அன்று மதியத்துக்குள் ஐந்து ஆடுகள். மறுநாள் மூன்று. கொட்டகையில் நின்று பேச முடியவில்லை. கொண்டோமினியத்துக் காவலாளி, நேப்பாளத்துக்காரர், பாதிவழி வந்து மலாயில் கேட்டார், இங்கே யாரையாவது அடிக்கிறீர்களா, மேலே உள்ளவர்கள் புகார் சொல்கிறார்கள் என்று. ரெஜினா அக்கா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, "கல்யாண வீடு! நாளைக்கு முடிஞ்சிடும்!" என்று மலாயிலேயே சொல்லியனுப்பினார்.

பத்தாம் நாள் பத்து முதுகு சிவந்திருந்தது. ரோஹானா மட்டும் வெள்ளையாக நின்றது. கத்தவில்லை, தீனியும் குறையவில்லை. சில ஆடுகள் அப்படித்தான், ஊமையாகப் பருவத்துக்கு வரும். ஒரு பழந்துணியைத் துரையின் கொம்புக்குப் பின்னால் அழுத்தித் தேய்த்து, பிஸ்கட் டின்னில் போட்டு மூடினேன். ரோஹானாவைத் தனியாகக் கொண்டுபோய், மூக்குக்குக் கீழே மூடியைத் திறந்தேன். மற்ற ஆடாக இருந்தால் தலையைத் திருப்பும். ரோஹானா டின்னுக்குள் முகத்தை விட்டது. வால் இரண்டே இரண்டு தரம் ஆடியது.

"வாங்கக்கா, கூட்டிட்டுப் போவோம்."

துரையிடம் விட்டோம். நின்றது. பதினொன்றாவது முதுகும் சிவந்தது.

சேவியர் அண்ணன் வேலை முடிந்து வந்து பார்த்தார். "என்னம்மா இது, எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கீங்க?"

"பின்னாடி வச்ச பொட்டுண்ணே" என்றேன். அவர் முதன்முதலாகச் சிரித்தார்.

நீலம்

இனி காத்திருப்பு. சினை பிடிக்காத ஆடு மூன்று வாரத்தில் மறுபடி பருவத்துக்கு வரும். பிடித்தது வராது. பெட்டைகளின் முதுகைக் கழுவிவிட்டு, துரையின் நெஞ்சில் இந்தத் தடவை நீலக் கோலப்பொடியைப் பூசினேன். நீலம் பட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அந்த மூன்று வாரம் அக்கா தினமும் காலையில் தேநீர்கூடக் குடிக்காமல் முதுகு பார்க்கப் போவார். பதினெட்டாம் நாள் வெள்ளை. இருபதாம் நாள் சுசிலாவின் முதுகில் நீலம். இருபத்தொன்றில் லூசி. அக்கா கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று, வேறெந்த முதுகிலும் நீலம் இல்லை.

ஒன்பது வெள்ளை முதுகு.

சனிக்கிழமை காலையில் லாரி வந்தது. காதர் பாய் இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார். சேவியர் அண்ணன் பின்னால். நானும் அக்காவும் கதவருகே.

"என்னம்மா தங்கச்சி, கணக்கு என்ன?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்பது பிடிச்சிருக்கு பாய். ரெண்டு திரும்பி வந்துச்சு, மறுபடி கிடா ஏறியிருக்கு."

"நிச்சயமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "மூணு வாரத்துல யாராலயும் நிச்சயமாச் சொல்ல முடியாது பாய். மறுபடி தூங்கிப்போச்சோ என்னவோ. ஆனா நான் பிடிச்சிருக்குன்னுதான் சொல்வேன்."

அவர் ஒவ்வொரு முதுகையும் தொட்டார். மயிரைக் கோதிப் பார்த்தார். மேய் லிங்கின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு சட்டைக் கையை இறக்கிவிட்டார்.

"தம்பி, நான் இதுல கத்தி வைக்க மாட்டேன்."

"பாய், அந்தப் பொண்ணே நிச்சயமில்லன்னு சொல்லுது."

"அதனாலதான். சினைன்னு சந்தேகம் வந்த ஆட்டை எங்க அத்தாவும் தொட்டதில்ல, நானும் தொட மாட்டேன். ஒண்ணுமே இல்லன்னா வயிறு சொல்லும். ரெண்டு மாசம் கழிச்சுக் கூப்பிடு, வர்றேன்."

"அந்த ரெண்டு? நீலம் பட்டது?"

"அதுலயும் கிடா ஏறியிருக்கே. அதுவும் சந்தேகம்தான்."

சேவியர் அண்ணன் ஒன்பது முதுகையும் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "நாளான்னைக்கி நீ வேலைக்குப் போகணும்" என்றார்.

அக்கா கைப்பேசியை எடுத்தார். லாரி இன்னும் திரும்பவில்லை. அவர் பேசியது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. ஆங்கிலத்தில், நிதானமாக, திங்கட்கிழமை நான் வரவில்லை, இனியும் வரவில்லை, நன்றி என்று சொல்லி வைத்துவிட்டார்.

"உனக்குப் பைத்தியமா? வயித்துல ஒண்ணும் இல்லன்னா?"

"இருக்கு" என்றார் அக்கா.

கைப்பேசியை இடுப்பில் செருகிக்கொண்டு ஆடுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

காலி லாரி செம்மண்ணைக் கிளப்பிக்கொண்டு போனது. காதர் பாய் கையை வெளியே நீட்டி ஆட்டினார். ஒரு கறிக்கடைக்காரர் வெறுங்கையோடு போவதைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒருமுறைதான்.

வயிறு சொன்னது

ஓரிடத்தில் நான் நிலையாகத் தங்குவதில்லை. கால் அரிக்கும். அங்கே அரிக்கத் தொடங்கியபோது ஒன்பது ஆட்டுக்கும் வயிறு இரண்டு பக்கமும் தெரிய ஆரம்பித்திருந்தது. விட்டுப் போக மனம் வரவில்லை. லூசிக்கும் மடி இறங்கியது, கொஞ்சம் பிந்தி. சுசிலா மட்டும் கடைசிவரை ஏமாற்றியது.

ஐந்து மாதம் முடியும்போது தவக்காலம். அக்கா இறைச்சி சாப்பிடாத நாட்கள். எல்லா ஆட்டுக்கும் ஒரே வாரத்தில் கிடா ஏறியது, குட்டியும் ஒரே வாரத்தில்தானே இறங்கும். அதை நாங்கள் யாரும் யோசித்து வைக்கவில்லை. கிடாவைப் பிரித்து வைத்துச் சேர்த்தால் வரும் வம்பு அது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரோஹானா மூலையில் போய் நிலத்தைக் கீறியது. பத்தரைக்கு இரட்டைக் குட்டி. நான் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் மேய் லிங் படுத்துவிட்டது. அக்கா ஒரு குட்டியின் காலைப் பிடித்து வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆடு முனகத் தொடங்கியது. வீட்டிலிருந்த துவாலை அத்தனையும் தீர்ந்துவிட்டது.

அந்த வாரம் சேவியர் அண்ணனுக்கு மதிய ஷிப்ட். கிடங்குச் சீருடையில், ஹெல்மெட் மாட்டி, சொல்லிவிட்டுப் போக வந்தார்.

"அண்ணே, இதைப் பிடிங்க" என்று நீட்டினேன். ஈரமும் சூடுமாக ஒரு பெட்டைக்குட்டி. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. சீருடைச் சட்டையைக் கழற்றி அதைச் சுற்றினார். குட்டி தும்மியது. இன்னொன்றைக் கொடுத்தேன். வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு தொடையிலும் இரண்டு குட்டி. ஒன்று அவருடைய விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

கைப்பேசி ஒலித்தது. சிங்கப்பூரிலிருந்து அவருடைய மேற்பார்வையாளர். அவரும் தமிழர்தான். இரண்டு கையும் குட்டிகளோடு இருந்ததால் நான்தான் காதில் பிடித்துக்கொண்டேன்.

"பொஸ், இன்னைக்கி வர முடியாது. வீட்ல பிரசவம்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்.

"ச்சே, என் வைஃப் இல்ல பொஸ். அவதான் பிரசவம் பார்க்கிறா."

மறுபடி ஏதோ கேள்வி. சேவியர் அண்ணன் கொட்டகையைச் சுற்றி ஒருதரம் பார்த்தார். வயிறு தள்ளி நிற்கும் வெள்ளை ஆடுகளைத் தலையசைத்து எண்ணினார். பாலம் வரைக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்.

"நாளைக்கா? நாளைக்கும் முடியாது பொஸ். மூணு பேருக்கு முடிஞ்சுது. இன்னும் ஆறு பேர் வரிசையில நிக்கிறாங்க!"